ஆட்ரியனின் மோசமான நாள்

படிவம் நிரப்புவதில் எங்கள் தெருவில் எனக்கு ஈடு கிடையாது. கிரிம்ஸ்பி மீன் ஆலையில் வேலையை விட்டபிறகு எனக்குக் கைவந்த ஒரே வித்தை அதுதான். பக்கத்து வீட்டார் பென்ஷன் தாளைக்கூட என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதனால் விசாரணைக்காக, நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்று அதிகாரிகளான நீங்கள் தாளை நீட்டியபோது எனக்கு மலைப்பாக இல்லை. இதில் கட்டம் போட்டிருக்கவில்லை, அது ஒன்றுதான் குறை.

என் பெயர் கிளெண்டா. வயது அறுபத்தெட்டு. என் மகன் ஆட்ரியனுக்கு முப்பத்தாறு. பிறவியிலேயே அவனுக்கு எதையும் கற்றுக்கொள்வது கடினம். மணி பார்க்க வராது, எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் ஒருவரை ஒருமுறை பார்த்தால் போதும், பத்து வருடம் கழித்தும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அவன் அப்பா அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே எங்களை விட்டுப் போய்விட்டார். அதில் எனக்கு இப்போது கோபம் ஒன்றுமில்லை.

நகராட்சி வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஓர் உதவியாளரை அனுப்பும். அப்படி வந்தவர்தான் ஃபெமி, நைஜீரியாக்காரர், பொறுமைசாலி. அலமாரிக் கதவுகளில் கோப்பை, பால், கெட்டில் என்று படம் ஒட்டி, ஒன்றரை வருடம் பாடுபட்டு ஆட்ரியனுக்கு டீ போடக் கற்றுக்கொடுத்தார்.

"தலைவா, இன்னிக்கு உங்க கையாலதான் டீ. நான் விருந்தாளி," என்பார்.

"கால் மேல கால் போட்டு உக்காரு. சக்கரை ரெண்டா, மூணா?" என்பான் இவன், ஹோட்டல் முதலாளி தோரணையில்.

பிறகு தனியாகப் பஸ் ஏறி கிளீதோர்ப்ஸ் கடற்கரை வரை போய்வரவும் பழகினான். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அதையும் எழுதிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மார்ச்சில், அவனுக்கு எவ்வளவு உதவி தேவை என்று பார்க்கும் வருடாந்தரப் பரிசீலனைக்கு நகராட்சியிலிருந்து டாம்சின் என்ற அதிகாரி வந்தாள். யாரும் சொல்லாமலே ஆட்ரியன் அவளுக்கு டீ போட்டு, தட்டில் பிஸ்கட்டும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். "அருமையா இருக்கு ஆட்ரியன்," என்று குடித்தபடியே குறித்துக்கொண்டாள். ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. அவனுடைய முன்னேற்றத்தைக் கருத்தில்கொண்டு உதவி நேரம் பாதியாகக் குறைக்கப்படுகிறதாம். அவன் பகலில் போய்வந்த பராமரிப்பு மையத்தில் இருந்த இடமும் போயிற்று. டீ போடத் தெரிந்தவனுக்குக் கொதிநீரில் குளிக்கக் கூடாது என்று தெரியாது, கதவைத் தட்டியவன் எவனானாலும் உள்ளே விடுவான். அதற்கெல்லாம் இனி நான்தான். என் முதுகு அப்போதே தேய்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் என்னைப் போன்ற தாய்மார் தேவாலயக் கூடத்தில் கூடுவோம். அங்கே மோரீன் என்னைப் பிடித்துக்கொண்டாள். "டீ போட விட்டியா? உனக்கு மண்டைல எதாவது இருக்கா? அவங்க வந்தா ரொம்ப மோசமான நாளத்தான்டி காட்டணும். நல்ல நாளக் காட்டுனா இருக்குறதையும் புடுங்கிட்டுப் போயிருவாங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. எல்லோரும் படிவத்தில் மோசமான நாளைத்தான் எழுதுகிறோம். அது பொய்யும் இல்லை, அப்படி ஒரு நாள் எல்லோர் வீட்டிலும் உண்டு. ஆனால் படிவத்தில் நான் என்ன எழுதினாலும், அவர்கள் நேரில் வந்து பார்ப்பார்களே. ஆட்ரியனுக்குப் பொய் வராது. விருந்தாளி தலை தெரிந்தாலே கெட்டிலிடம் ஓடுவான். ஆகவே, காட்டுவதற்கு அவனிடம் எதுவும் இருக்கக் கூடாது என்று முடிவுசெய்தேன்.

முதலில் கெட்டிலை ஒளித்துவைத்தேன். பிறகு படங்களைக் கிழித்தேன். குழாய்ப் பக்கம் கை போனால், "கைய எடு. அம்மா தர்றேன்," என்பேன். பஸ் நின்றுபோய்விட்டது என்று சொன்னேன். அவன் கால்சட்டைப் பொத்தானை நானே போட்டேன். ஒருநாளும் அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். கற்க ஒன்றரை வருடம் பிடித்தது, மறக்க எட்டே மாதம்.

ஃபெமிக்குச் சந்தேகம் வந்தது. "அம்மா, போன மாசம் தானாச் செஞ்சாரு. இப்ப ஏன் உங்க மூஞ்சியப் பாத்துட்டு நிக்கிறாரு?" என்று கேட்டார். மறுநாளே, அவர் என் பையனை அதட்டுகிறார் என்று புகார் எழுதிப் போட்டேன். அவரை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அவர் நல்ல மனிதர், அவருக்கு நான் செய்தது பாவம். ஆட்ரியன் கொஞ்ச நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஃபெமி லீவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். லீவு என்றேன். பிறகு அவன் கேட்கவில்லை.

அடுத்த மார்ச்சில் டாம்சின் வந்தபோது அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. உதவி நேரம் திரும்பக் கிடைத்தது, முன்பைவிடக் கூடுதலாகவே. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். அப்படியே நாலு வருடம் ஓடிற்று.

போன நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, மருந்துக்கடை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "வீட்டுல உங்கள நம்பி யாராச்சும் இருக்காங்களா?"

உண்மையைச் சொன்னால் அவனை அவசர விடுதிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே நாள் முழுதும் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் எழுதுவார்கள். யாராவது ஒரு பொறுமைசாலி அவன் முன்னால் கோப்பையை வைப்பாள், இரண்டு வாரத்தில் அவன் பழையபடி ஆகிவிடுவான். இத்தனை வருட உழைப்பும் வீண். அதோடு, இவனும் என்னைப் போல நடிக்கத்தான் செய்கிறான், எல்லாம் தெரிந்தே சும்மா இருக்கிறான் என்றும் நம்பினேன். ஆள் இல்லாவிட்டால் கை தானாகக் குழாய்க்குப் போகும் என்று நினைத்தேன். "யாருமில்லம்மா," என்றேன். பிறகு படுக்கையிலிருந்தபடியே உதவியாளர் நிறுவனத்துக்குப் போன் செய்து, நாங்கள் லிங்கன் ஊரில் தங்கை வீட்டில் இருக்கிறோம், திங்கட்கிழமை வரை ஆள் வேண்டாம் என்றேன். எனக்கு அங்கே தங்கை கிடையாது.

திங்கட்கிழமை உதவிக்கு வந்த பெண், சமையலறை நாற்காலியில் அவனைக் கண்டாள். கை இரண்டும் மடியில். உதடு வெடித்திருந்தது. குழாய் மூன்றடி தூரத்தில் இருந்தது. ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டதற்கு, "அம்மா தரல," என்றானாம். அதன் பிறகு அவன் பேசவில்லை. சிறுநீரகம் இரண்டும் பழுது. இப்போது பராமரிப்பு இல்லத்தில் இருபத்துநாலு மணி நேரமும் அவனுக்கு ஆள் இருக்கிறது. நான் எழுதிக் கேட்டிருந்தால்கூட அவ்வளவு தந்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்டது போன புதன்கிழமையைப் பற்றி. கைத்தடியை ஊன்றிக்கொண்டு பார்க்கப் போயிருந்தேன். மதியச் சாப்பாடு, மீனும் உருளைக்கிழங்கு மசியலும். அங்கிருந்த நர்ஸ் முகமெல்லாம் மலர்ந்து, "பாத்தீங்களா கிளெண்டா, கரண்டிய அவரே புடிச்சிட்டாரு," என்று குறிப்பேட்டை எடுக்கத் திரும்பினாள். நான் குனிந்து அவன் காதில், "வச்சிரு கண்ணு," என்றேன். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் வைத்துவிட்டான். நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது, அதனால்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி நான் அங்கே போகக் கூடாது என்று உத்தரவு போடப்போகிறீர்களாம். சட்டம் அப்படித்தான் என்றால் போடுங்கள், நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு தாயாகக் கேட்கிறேன், நான் இல்லாவிட்டால் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?