நாற்பத்தஞ்சு மில்லி ஷாஃப்ட்

ஹிஸ்கே: ...சும்மா “ஒரு ஆயில் சீல் குடு”ன்னா எப்படி வீபே? என் கடை அலமாரி பூரா அதுதான் இருக்கு. எந்த மெஷினுக்கு?

வீபே: பம்புக்கு. மேய்ச்சல் நிலத்துத் தண்ணிய வாய்க்கால்ல ஏத்துற பம்பு. கியர்பாக்ஸ்ல எண்ணெய் ஒழுகுது.

ஹிஸ்கே: அளவு? பழைய சீலைப் பார்த்துச் சொல்லாதீங்க, உப்பியிருக்கும்.

வீபே: சுத்துற தண்டு, அந்த ஷாஃப்டைத்தான் அளந்தேன். நாற்பத்தஞ்சு மில்லிமீட்டர். சீல் உட்கார்ற குழி அறுபத்திரண்டு, அகலம் எட்டு.

ஹிஸ்கே: பரவாயில்லையே. வெளியில சேறு, தூசி?

வீபே: சேறா... வாத்து குடும்பம் நடத்துது அங்க.

ஹிஸ்கே: அப்ப ரெண்டு உதடு வச்சதுதான் சரி. ஒண்ணு எண்ணெயை உள்ள நிறுத்தும், இன்னொண்ணு சேத்தை வெளிய நிறுத்தும். ஷாஃப்ட்ல கோடு விழுந்திருக்கா?

வீபே: நகத்தை ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் மாட்டல.

ஹிஸ்கே: சூடு?

வீபே: கை வைக்கலாம்.

ஹிஸ்கே: சாதாரணக் கறுப்பு ரப்பரே போதும். ஆனா ஒண்ணு இடிக்குது... உங்க பம்பு நான் வித்தது. அதோட ஷாஃப்ட் நாற்பதுதான்.

வீபே: ...வயசானா எல்லாம் பெருக்குது ஹிஸ்கே.

ஹிஸ்கே: உங்க இடுப்பு பெருக்கும். இரும்புமா பெருக்கும்? நாற்பத்தஞ்சு இந்த ஊர்ல ஒருத்தர்கிட்டதான் இருக்கு. ரின்சே.

வீபே: அந்தப் பேரை எடுக்காதே.

ஹிஸ்கே: பக்கத்து நிலத்துக்காரர் பேரைக்கூடச் சொல்லக் கூடாதா? சர்ச் பாட்டுக் குழுவுல நீங்க சுருதி தப்புறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டார், அதுக்கு இத்தனை வருஷமா பேச்சில்ல.

வீபே: தப்பினது அவன்... இதபாரு, அவன்மேல எனக்கென்ன அக்கறை? நம்ம நிலமே கடலைவிடத் தாழ்வு. மழை வர்ற நேரத்துல அவன் பம்பு நின்னா, தண்ணி என் பக்கம்தான் திரும்பும். என் மாடுங்க நீச்சல் கத்துக்கணுமா?

ஹிஸ்கே: நியாயம்தான். ஆனா அவர் ஷாஃப்டை நீங்க எப்படி...

வீபே: ஞாயித்துக்கிழமை அவன் பாடப் போயிருந்தான்.

ஹிஸ்கே: அய்யோ. அவர் கொட்டகைக்குள்ள புகுந்தீங்களா?

வீபே: புதுசா என்ன? போன வருஷம் பேரிங் மாத்தினேன். அதுக்கு முந்தி பெல்ட்டு. தன் மெஷின் தானா குணமாயிடுதுன்னு நெனச்சிட்டிருக்கான், முட்டாள். ஊர்ல தம்பட்டம் வேற, “என் பம்பு மாதிரி வருமா”ன்னு... நீ வாயத் திறக்காதே.

ஹிஸ்கே: நான் திறக்கல. ஆனா... கொஞ்சம் மெதுவாப் பேசியிருக்கலாம் நீங்க.

வீபே: ஏன்?

ஹிஸ்கே: பின்னறையில ஒருத்தர் காபி குடிச்சிட்டிருக்கார். உங்களுக்கு முன்னாடியே வந்துட்டார். இதே அளவு சீல் எடுத்து வை, வீபே வருவான், காசை நான் கொடுத்துடறேன்னு சொன்னார்.

வீபே: ...யாரு?

ரின்சே: நான்தான். கொட்டகையை நான் பூட்டுறதே இல்ல வீபே. பூட்டிட்டா, என் பம்பை யாரு சரி பண்றது?