பலகைக்குப் பின்னால் சட்டம்

"கங்கா, உனக்கு வேல ஒண்ணும் இல்லதானே?" என்று திலகம் அக்கா ஒருமுறை என்னிடம் கேட்டார். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இல்லை என்று தலையாட்டினேன். அவர் கேட்டதில் தவறில்லை. பள்ளிக்கூடம் போகாத பெண்ணுக்கு என்ன வேலை இருந்துவிடும் என்று யாரும் நினைக்கத்தான் செய்வார்கள்.

எங்கள் தோட்டம் கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே வரும் செம்மண் சாலையின் கடைசியில் இருக்கிறது. வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக்கும் திலகம் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இடுப்பளவு செங்கல், அதற்கு மேல் பலகை. அந்தப் பக்கம் சுவரை ஒட்டி அக்காவின் நாற்காலி கிடக்கும். அவருக்கு மூச்சு இழுப்பு நோய். கணவர் நாராயணசாமி அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர், விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். முடியாமல் போனால் அக்கா சுவரைத் தட்டுவார்.

எங்கள் லயத்தில் அது வழக்கம். மூன்று தட்டு என்றால் வா. கேட்டவர் திருப்பி இரண்டு தட்டினால் வருகிறேன். தட்டிவிட்டால் போயாக வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரர்கள்கூட அதற்கு மட்டும் போவார்கள்.

அக்காவைக் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. மீன் குழம்பு வைத்தால் எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரும். ஆனால் அவர் இழுப்புக்கு மட்டும் தட்டவில்லை. உப்புக்குத் தட்டினார். தலை பின்னிவிடத் தட்டினார். மழை வருகிறதா என்று கேட்கத் தட்டினார். எந்தத் தட்டு எதற்கு என்று தெரியாது, அதனால் எல்லாவற்றுக்கும் ஓடினேன். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஆட்களிடம் பேச வராது.

மூன்றாம் படிவத் தேர்வில் கணிதத் தாள் அன்று காலையிலும் சுவர் தட்டியது. சீருடையோடு போனேன். அன்று மெய்யாகவே இழுப்பு. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, மருந்து கொடுக்கும் டிரெஸரை அழைத்து வந்தேன். அதற்குள் பஸ் போய்விட்டது. எனக்கு நன்றாக வந்த ஒரே பாடம் கணிதம். ஏன் வரவில்லை என்று ஆசிரியர் கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். அக்கா அந்தத் தீபாவளிக்கு எனக்கு ரவிக்கைத் துணி கொடுத்தார்.

அம்மாவிடம் ஒரே ஒருமுறை முனகினேன். "நாம போவலன்னா நாளைக்கு நமக்கு யாருடி வருவா?" என்றார். 

பிறகு என் அண்ணன் சேது, ரவாங் தொழிற்சாலையில் வேலை செய்பவன், ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி வந்தான். நான்கு ஸ்பீக்கர். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. "நடுவுல குந்துனா பாட்டு நம்மள சுத்திக்கிட்டு வரும்லா" என்றான். பின்னிரண்டை அடுப்படித் தட்டியில் மாட்டுவதாக இருந்தான். அவன் குளிக்கப் போனபோது நான் பெஞ்சைத் திருப்பிப் போட்டேன். பெஞ்சு திரும்பியதும் அக்காவின் சுவர்தான் பின்சுவராகிவிட்டது. இதுவும் நல்லாத்தான் இருக்கு என்றான். பாட்டு ஓடும் நேரமாவது தட்டுச் சத்தம் கேட்காமல் இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

பெட்டிகளைப் பார்க்க வந்த அக்கா சிரித்தார். "ஏன் சேது, திருவிழா நடத்துறதுக்கு என் மண்டைதான் கெடச்சுதாலா?" என்றார். நாங்களும் சிரித்தோம்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் சேது முன்னிரண்டையும் மாட்டினான். ஒயர் போதவில்லை. வாங்கி வர மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் புறப்பட்டான். அம்மாவும் அப்பாவும் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். "பின்னால ரெண்டுக்கும் ஆணி அடிச்சி வையி. தட்டிப் பாத்து பின்னால மரச் சட்டம் இருக்கிற எடத்துல அடி. வெறும் பலகையில அடிச்சா பொட்டி கீழ வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் விரல் முட்டியால் பலகையைத் தட்டிக்கொண்டே போனேன். பொள்ளல். பொள்ளல். பிறகு கெட்டி. சட்டம் அங்கேதான். அப்போது அந்தப் பக்கம் மூன்று தட்டு கேட்டது. என் தட்டலைக் கேட்டு அக்கா விளையாடுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். நான் ஆணியை அடித்தேன். மறுபடியும் மூன்று தட்டு.

எந்தத் தட்டு எதற்கு என்று தெரியாது என்று மேலே சொன்னேன். அது முழுக்கச் சரியில்லை. இழுப்பு வந்தால் அக்காவின் மூன்றாம் தட்டு தாமதமாக வரும். இரண்டு தட்டிவிட்டு மூச்சுக்கு நிற்பார். இத்தனை வருடம் ஓடியதில் அது எனக்குத் தெரிந்திருந்தது. அன்று மூன்றாம் தட்டு மிகவும் தாமதமாக வந்தது.

நான் இரண்டு தட்டு தட்டினேன்.

சட்டம் தேடித் தட்டியதாகச் சொல்லலாம். ஆனால் ஆணி அதற்கு முன்பே ஏறிவிட்டது. தட்டியதற்குக் காரணம் உண்டு. பதில் வராவிட்டால் அக்கா எப்படியாவது எழுந்து வாசலுக்குப் போயிருப்பார். நாலு வீடு தள்ளி இராஜம்மா அக்கா கோழிக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். உடனே ஆட்கள் கூடியிருப்பார்கள், நானும் சுத்தியலைக் கீழே வைத்திருக்க வேண்டும். தொடங்கிய ஒரு காரியத்தையாவது நடுவில் விடாமல் முடிக்க விரும்பினேன். அது பெரிய ஆசை இல்லை.

அடுத்த ஆணியையும் அடித்தேன். பெட்டிகளைத் தூக்கி மாட்டினேன். கயிறு பிடித்துப் பார்த்தேன், இரண்டும் ஒரே உயரம். அதற்குள் சுவர் அமைதியாகிவிட்டது.

அக்காவை முதலில் பார்த்தவர் நாராயணசாமி அண்ணன்தான். லயத்தில் எல்லாரும் ஆணியடிக்கும் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் பாவம் அந்தப் பெண்ணுக்கு என்ன கேட்டிருக்கும் என்று இராஜம்மா அக்கா எனக்காகப் பேசினார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் நாராயணசாமி அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சேது பாட்டை நிறுத்தினான். நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன். அவர் தொடவில்லை.

"கதவு தொறந்துதான் கெடந்துச்சு" என்றார். "இராஜம்மா வீடு கிட்டக்கத்தான். அவ ஏன் நாற்காலிய வுட்டு எந்திரிக்கல? அதான் எனக்கு வெளங்கல. சொவத்தப் பாத்த மேனிக்கே குந்தியிருந்தா. கங்கா, உனக்கு ஏதும் கேட்டுச்சாம்மா?"

"கங்கா ஆணி அடிச்சிக்கிட்டு இருந்துச்சுண்ணே, எப்படிக் கேக்கும்?" என்றான் சேது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அண்ணன் ராத்திரியெல்லாம் தூங்காமல் இதையே யோசிக்கிறார் என்று அம்மா சொல்லியிருந்தார். ஒரு மனிதர் விளங்காமல் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க எனக்கு மனம் வரவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

"கேட்டுச்சுண்ணே" என்றேன். "அக்கா எந்திரிச்சிடக் கூடாதுன்னுதான் வரேன்னு திருப்பித் தட்டுனேன். நான் வருவேன்னு காத்துக்கிட்டு இருந்திருப்பாங்க."

சேது என் பெயரைச் சொன்னான். அண்ணன் சுவரைப் பார்க்கவில்லை, பெட்டிகளையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் சொன்னது உதவியாகத்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் எழுந்தார், நிலைப்படியை ஒரு கையால் பிடித்தார், பிறகு அதையும் விட்டுவிட்டு இறங்கிப் போனார்.