ராக்கெட்டில் போய் வந்த புங்கங்கன்று

"செடி கொடி நமக்குத் தெரியாததா? அதப் படிக்க எதுக்குக் காலேஜு?" நான் தாவரவியலில் சேர்ந்தபோது மாமா கேட்டது இது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்.

நேற்று விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் அது ஞாபகம் வந்தது. முன் இருக்கையில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் மடியில் புங்கங்கன்றோடு உட்கார்ந்திருந்தார்.

"இதோட விதை ராக்கெட்ல போய்ட்டு வந்துதாங்க்கா, நர்சரில சொன்னாங்க," என்றார் பக்கத்திலிருந்தவரிடம். "எங்க வீட்டுக்காரரு தவறி நாளையோட ஒரு வருசம். அவரு ஞாபகமா எங்கூரு பஸ் ஸ்டாப்புல நடப்போறேன்."

"அவருக்கு எதுக்குடி ராக்கெட்டு மரம்?"

"மனுசன் விழுப்புரத்தைத் தாண்டுனதே இல்ல. அவரு பேர்ல நிக்கிற மரமாவது ஊரு சுத்துனதா இருக்கட்டும்."

"ஆடு கடிச்சிப்புட்டா?"

"அதாங்க்கா பயமா இருக்குது. மஞ்சத் துணி கட்டிடலாமா?"

"கட்டுனா மனுசன் தொட மாட்டான், ஆடு சும்மா உடுமா? அப்புறம் உம் புருசனைச் சாமியாக்கி உண்டியல் வெச்சிடுவானுங்க."

"ஒருத்தருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்ததில்ல, அவரா வரம் குடுப்பாரு?"

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

"சாணியக் கரைச்சி எல மேல தெளிச்சிக்கினே இரு. ஆடு மோந்து பாத்துட்டுப் போய்டும்."

"வானத்துக்குப் போய்ட்டு வந்ததுக்குச் சாணித் தண்ணியா!" என்றவர், இலையைத் தடவியபடி கேட்டார். "மத்த மரம் மாதிரியே இதுவும் வளருமாக்கா?"

"அத நம்ம எங்க கண்டோம்? படிச்சவங்களத்தான் கேக்கணும்."

மூன்று வருடம் தாவரவியல் படித்து முடித்த எனக்கும் அது தெரியாது. திண்டிவனத்தில் இறங்கி நேராகக் கல்லூரிக்குப் போனேன். இரண்டு வாரமாகப் பையிலேயே கிடந்த முதுகலைத் தாவரவியல் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன்.