நிறமில்லாத நெயில் பாலிஷ்

காருக்குள் எரிகிற விளக்கை யாரும் மதிப்பதில்லை. ஹெட்லைட் கொஞ்சம் மங்கினால் அலறியடித்துக்கொண்டு வருவார்கள். கதவைத் திறந்தால் எரிய வேண்டிய கூரை விளக்கு செத்து வருஷக்கணக்கானாலும், இருட்டில் சாவியைத் துழாவிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுவார்கள். என் தம்பி அப்படி இல்லை. அவன் வண்டியில் எல்லாம் எரிய வேண்டும்.

மேசைமேல் நீங்கள் வைத்திருக்கிற ஃபியூஸ் பெட்டி அவன் வண்டியுடையதுதான். உறையைப் பிரிக்க வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது. கார் ஒயரிங் என் தொழில். அப்பாவின் ஷெட்டில் அவருக்கு டெஸ்ட் லேம்ப் பிடித்துப் பிடித்தே கற்றுக்கொண்டேன். அம்மா போனபோது தம்பிக்குச் சட்டைக்குப் பித்தான் போடத் தெரியாது. பிறகு அப்பாவும் போய்விட்டார். எனக்கு வந்த வரன்களை எல்லாம் நானே தட்டிக்கழித்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் நீங்களும் உச்சுக்கொட்ட வேண்டாம்.

அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நல்ல பெண், குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். தனிக்குடித்தனம் போனார்கள். முதலில் வாராவாரம் வந்தான். பிறகு போன் மட்டும் செய்தான். அதற்கும் பிறகு, நான் போன் செய்தால் எடுத்தான்.

அப்போதுதான் அந்தக் காரை வாங்கினான். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும், ஸ்டியரிங் நம் ரோட்டுக்குத் தப்பான பக்கம். உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. நேரே என்னிடம் கொண்டுவந்தான், வேறு எங்கே போவான். கதவு ஸ்விட்ச்சில் துரு, கூரை விளக்குக்கு எர்த் இல்லை, மீட்டர் விளக்கைக் கூட்டிக் குறைக்கிற திருகு உள்ளுக்குள் கருகிப்போயிருந்தது. ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினான். சாப்பிட்டான். பழைய சோபாவில் கால் நீட்டித் தூங்கினான். பிறகு வேலை முடிந்துபோயிற்று.

எர்த் ஒயர் பாடியோடு சேருகிற இடத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷை லேசாகத் தடவ வேண்டும். பாலிஷ் கரண்டைத் தடுக்கும்; ஆனாலும் நட்டை இறுக்கி முடுக்கினால் சில நாள் எரியும். வண்டி குலுங்கக் குலுங்கத் தொடர்பு விட்டுப்போகும். கழற்றிப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நான் அதை முதல்முறை செய்து பத்து நாள்கூட ஆகியிருக்காது, வாசலில் வந்து நின்றான். "அக்கா, லைட்டு மறுபடியும் போச்சுக்கா" என்றான். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அதன் பிறகு ஒரு தடவை கூரை விளக்கு, ஒரு தடவை டாஷ்போர்டு டப்பா விளக்கு என்று மாற்றி மாற்றிச் செய்தேன். பழைய வண்டி, ஈரக்காற்று பட்டுக் கெட்டுப்போன ஒயர் என்று ஏதாவது சொல்வேன். நான் சொன்னால் அவனுக்கு அது வேதவாக்கு. யாருக்கு என்ன நஷ்டம். கூடப் பிறந்தவன் அக்கா வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போகிறான், அவ்வளவுதான்.

ஒருநாள் அவளும் கூட வந்தாள். டூல் தட்டில் ஸ்குரூடிரைவர்களுக்கு நடுவே கிடந்த பாட்டிலை எடுத்து, "அண்ணி, நீங்க நெயில் பாலிஷெல்லாம் போடுவீங்களா" என்று சிரித்தாள். என் கையைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். பிறகு காரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. தம்பி கை கழுவப் போனபோது பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"லைட்டு போனாத்தான் நாங்க வரணுமா அண்ணி? கூப்பிட்டா வரமாட்டோமா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்மேல் இரக்கப்பட்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் அவள் அவனிடம் மூச்சு விடவில்லை. அவன் தொடர்ந்து வந்துகொண்டிருந்ததால் அது எனக்குத் தெரியும்.

பிறகு அவளுக்குத் தொலைவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இருவரும் அங்கேயே போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். அதை அவன் தட்டில் கை வைத்துக்கொண்டு, ஏதோ சினிமாக் கதை சொல்வதுபோல என்னிடம் சொன்னான். காரையும் அங்கே போனதும் விற்றுவிடப் போகிறானாம். இந்த லைட்டோடு இனி மல்லுக்கட்ட முடியாதாம். நான் குழம்பு ஊற்றினேன்.

புறப்படுகிற அன்று மத்தியானம் சொல்லிக்கொண்டு போக வந்தார்கள். போவதற்கு முன் ஒருதரம் பார்த்துவிடுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன். தம்பி சோபாவில் கண்ணயர்ந்திருந்தான். வழிக்கு நான் சமைத்து வைத்ததை அவள் என் அடுக்களையில் டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். மீட்டர் விளக்குக்கான ஃபியூஸை எடுத்து, ஒரு முனையில் மட்டும் தடவி, காயவிட்டுத் திரும்பச் செருகினேன். இருட்டத் தொடங்கி அவன் லைட்டைப் போடும்போது மீட்டர் எரியாது. அந்த நிலையில் அவன் தொலைவு ஓட்ட மாட்டான், திரும்பி வந்துவிடுவான். ஒரு ராத்திரி என் வீட்டில் தங்கிவிட்டுப் போகட்டும். அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை.

நினைத்தபடியே பொழுது சாய்ந்த பிறகு போன் வந்தது.

"அக்கா, மீட்டர் லைட்டு போச்சு. ஹெட்லைட்டு நல்லாத்தான் எரியுது. திரும்பிடட்டுமா?"

பின்னால் அவள் குரலும் கேட்டது. எங்கேயாவது ஓரமாக நிறுத்திவிட்டு வேறு வண்டி பிடித்துப் போய்விடலாமே என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் வேண்டாம்னு சொல்லு. நீ மெதுவா வா, அக்கா பாத்துக்குறேன்" என்றேன். போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

அந்த ஃபியூஸில் வேறு என்ன ஓடுகிறது என்று கேட்கிறீர்கள். உங்களுக்கே தெரியும், என் வாயால் வர வேண்டும், அவ்வளவுதானே. வண்டியின் பின்பக்கத்துச் சிவப்பு விளக்குகள் இரண்டும் அதில்தான் ஓடுகின்றன. ஓட்டுகிறவனுக்கு அவை அணைந்தது தெரியாது. எனக்குத் தெரியும். தடவும்போதும் தெரியும், போனில் பேசும்போதும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓரம் கட்டியிருப்பான். வேறு வண்டி பிடித்து, அவள் சொன்ன மாதிரியே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

முன்னால் போன காரில் வெளிச்சமே இல்லை, ஆமை மாதிரி ஊர்ந்தது என்று லாரி டிரைவர் சொல்வது உண்மை. அவரை விட்டுவிடுங்கள். கிட்டே வந்த பிறகுதான் பார்த்திருக்கிறார், ஒடித்துத் திருப்பியும் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டது. அது அவள் உட்கார்ந்திருந்த பக்கம். ஸ்டியரிங் நம் ஊர் வண்டிகளில் இருக்கிற பக்கத்தில் இருந்திருந்தால் அங்கே தம்பி உட்கார்ந்திருப்பான். அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

அவளுக்காக நான் அழவில்லை என்று நினைக்காதீர்கள். என்னை அண்ணி என்று கூப்பிட உலகத்தில் இருந்தது அவள் ஒருத்திதான். அவள் அடைத்து எடுத்துப்போன டப்பாக்களைப் போலீஸ்காரர் திறக்காமலே திருப்பிக் கொடுத்தபோது ஷெட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தம்பி இப்போது என் வீட்டு முன்னறையில் படுத்திருக்கிறான். கால் கட்டுப் பிரிக்க நாளாகும். நான் துடைத்துவிடுகிறேன், ஊட்டிவிடுகிறேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, "நான்தான்க்கா அவளைக் கொன்னுட்டேன். எறங்கி ஒரு தடவ பின்னாடி பாத்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். நான் அவன் தலையைத் தடவிக் கொடுக்கிறேன். கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிடுகிறான்.

நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. அவனிடம் மட்டும் சொல்லாதீர்கள். தப்பு தன்மேல்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கட்டும். அப்படி நினைக்கிறவரைக்கும் அவன் என்னை விட்டுவிட்டு எங்கேயும் போக மாட்டான்.