சின்னசேலத்தில் இறங்கிவிடு

மெயிலில் பழைய கடிதம் ஒன்றைத் தேட வேண்டுமென்றால், பலரும் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போய்க்கொண்டே இருக்கிறார்கள். அது வீண் வேலை, மேடம். மேலே தேடுகிற கட்டத்தில் ‘ஃப்ரம்’ என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, ஆள் பெயரைக் கொடுத்தால் போதும். அவர் எழுதியது மட்டும் வந்து நிற்கும். இணைப்பு உள்ளதை மட்டும் கேட்கலாம். இன்ன தேதிக்குப் பிறகு வந்ததை மட்டும் கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருவதே இதைத்தான். ஊரே தேடியும் கிடைக்காத என் தங்கையை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டீர்கள். இப்படித்தான்.

சுபஸ்ரீ தமிழ்வேந்தனோடு போனது தை மாதக் கடைசியில். வடக்கனந்தலில் எங்களுக்குக் கரும்பும் மக்காச்சோளமும் விளைகிற நிலம் இருக்கிறது. அவன் அம்மா கொளஞ்சியம்மாள் அந்த நிலத்தில் களை எடுக்க வந்தவள். மற்றதை நான் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தான். அவன் படித்த பையன், மரியாதை தெரிந்தவன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவன் மேல் எனக்கு எந்த வெறுப்பும் இருந்ததில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில் எனக்குத் திருக்கோவிலூரில் ஒரு இடம் பேசி முடித்திருந்தார்கள். சுபா போன செய்தி அங்கே எட்டியதும், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். அதற்கு முன்பு பொருந்தியிருந்த ஜாதகம்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், வேறு ஒன்றும் இல்லை.

அப்பா கழனிக்குப் போவதை நிறுத்திவிட்டார். அம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. என் தம்பி சரத்குமார் கூட்டாளிகளோடு காரை எடுத்துக்கொண்டு சென்னை, திருப்பூர் என்று அலைந்தான். கையில் போட்டோ வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக விசாரிப்பது ஒரு முறையே இல்லை. நான் அவனிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

சுபா கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது அவளுக்கு மெயில் கணக்கு தொடங்கிக் கொடுத்தவள் நான். அதில் என் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் குறியீடு எனக்கு வரும். வந்தது. பழைய பாஸ்வேர்டு போய்விட்டால் அவளுக்குத் தெரிந்துவிடுமே என்பீர்கள். குறியீட்டைக் கொடுத்து உள்ளே போனேன், பாஸ்வேர்டை மாற்றவில்லை. புதிய இடத்திலிருந்து யாரோ திறந்திருக்கிறார்கள் என்று எச்சரிக்கை வந்தது. அதை அழித்தேன்.

தமிழ்வேந்தன் பெயரைத் தேடினேன். நிறைய இருந்தது. சரத்தின் நண்பன் ஒருவன் மொபைல் கடையில் இருக்கிறான். நம்பரை வைத்துப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, இருவரும் போன் பேசுவதையே விட்டு மெயிலில் எழுதிக்கொண்டிருந்தார்கள். தமிழ்வேந்தனுக்கு ஓசூரில் வேலை. அவளைத் தெரிந்தவர்கள் வீட்டில் விட்டிருந்தான். எங்கே என்று எந்தக் கடிதத்திலும் இல்லை. பிறகு இணைப்பு உள்ளவற்றை மட்டும் கேட்டேன். சேலத்தில் எடுத்த ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. அதற்குக் கீழே, அவள் ஆன்லைனில் வாங்கிய ஸ்வெட்டருக்கான ரசீது. முகவரி வெள்ளிமலை.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற மலை அது. சரத் திருப்பூர் வரை போய்விட்டு வந்தான்.

ஸ்கேன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா ஆகப்போகிறேன் என்று தோன்றியது. பிறகு அடுத்ததைத் தேடினேன்.

சனிக்கிழமைகளில் தமிழ்வேந்தன் மலைக்கு வருவான். சேலம், கருமந்துறை வழியாகச் சுற்றிக்கொண்டு வருவான், எங்கள் பக்கம் கால் வைக்காமல். இடம் தெரிந்ததும் சரத் உடனே மலையேறத் துடித்தான். நான்தான் தடுத்தேன். சுபா மேல் ஒரு கீறல் படக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். “அவன இந்தப் பக்கம் வரவெச்சா பேசிக்கலாம்” என்றேன். பேசிக்கலாம் என்றுதான் சொன்னேன். ஸ்கேன் விஷயத்தைச் சரத்திடம் சொல்லவில்லை. சொன்னால் குழம்புவான்.

அதன்பின் சுபா அவனுக்கு எழுதியதை மட்டும் தனியாக எடுத்துப் படித்தேன். ‘வேந்தா’ என்று தொடங்குவாள். அடுத்த வார்த்தை ‘சாப்ட்டியா’. மாலையில் மட்டுமே எழுதுவாள், ஏனென்றால் பஸ் நிற்கிற மேட்டுக்கு வந்தால்தான் அங்கே சிக்னல் கிடைக்கும். வரிக்கு ஒரு எழுத்துப்பிழை விடுவாள். எல்லாம் பிடிபட்டது, அந்தப் பிழைகளைத் தவிர. அவளைப் போலத் தப்பாக எழுத என் கைக்கு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில், அவள் கணக்கிலிருந்து இப்படி எழுதினேன்: ‘வேந்தா, சாப்ட்டியா? எனக்கு வயிறு வலிக்கிறது. பயப்படாதே. கச்சிராயப்பாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மலையைச் சுற்றி வந்தால் நேரமாகும். ரயிலில் வந்து சின்னசேலத்தில் இறங்கிவிடு. வண்டி அனுப்புகிறேன்.’

‘கெளம்பிட்டேன். அழாத. நான் வந்துடுவேன்’ என்று பதில் போட்டான்.

மாலையில் சுபா மேட்டுக்கு வருவதற்குள் இரண்டையும் அழித்து, குப்பையையும் காலி செய்துவிட்டேன்.

சின்னசேலத்துக்கு வெளியே, மக்காச்சோளக் காட்டுக் கிணற்றில் அவனை எடுத்தார்கள். குறுக்கு வழியில் வந்து தவறி விழுந்திருப்பான் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். கள்ளக்குறிச்சியில் பிணவறை வாசலில் சுபாவைப் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து போனவள் நான் ஒருத்திதான். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “சரத்து எதுனா செஞ்சிட்டானாக்கா?” என்று காதருகில் கேட்டாள். அவன் ஊரிலேயே இல்லை என்றேன். நம்பினாள். நான் அவளிடம் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்றாள். பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு அவளோடு மலைக்குப் போனேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். தலை வாரிவிட்டேன். அவள் எதையும் கேட்கவில்லை, ஒன்றைத் தவிர. “எப்பவும் கருமந்துறை வழியாதானே வருவான். சின்னசேலத்துல ஏன்க்கா எறங்குனான்?” காலையில் கேட்பாள். சாப்பிடும்போது கேட்பாள்.

ஒரு நாள் மத்தியானம் என்னை மேட்டுக்கு அழைத்துப் போனாள். “கடைசியா எனக்கு இன்னா எழுதுனான்னு பாக்கணும்க்கா” என்றாள். அவள் பெட்டியில் ஒன்றுமில்லை. நான் நிம்மதியாக இருந்தேன். அப்போது அவள், “அவன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்” என்றாள்.

கடிதம் ஒன்றுதான் என்றாலும் அது இரண்டு பெட்டிகளில் இருக்கும், மேடம். அனுப்பியவர் அழித்தாலும் பெற்றவரிடம் அது அப்படியே இருக்கும். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவன் போனோடு அதுவும் கிணற்றில் போய்விட்டது என்று எப்படியோ நினைத்துவிட்டேன்.

அவன் பெட்டியில் ‘ஃப்ரம்’ என்று அடித்து, தன் பெயரையே போட்டாள். முதலில் வந்ததைத் திறந்தாள்.

“இன்னாக்கா இது? இத நான் எழுதல.”

“ஏதோ வலியில எழுதிட்டு மறந்திருப்ப.”

“எனக்கு வலியே வரலியே.” மறுபடி படித்தாள். “நான் எழுதுனா தப்புத்தப்பா எழுதுவேன். அத சொல்லிச் சொல்லி சிரிப்பான். இதுல ஒரு தப்புகூட இல்லக்கா.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அழவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ஒட்டி உட்கார்ந்திருந்தவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கள்ளக்குறிச்சி பஸ் வந்தது. நானும் எழுந்தேன்.

“நீ ஏறாத” என்றாள்.

அந்த பஸ்ஸில் நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

சரத் எல்லாவற்றையும் தானே செய்ததாகச் சொல்லியிருப்பான். பாசக்காரன். ஆனால் அன்று அவன் எனக்கு ஒரு போன் செய்தான். நீங்கள் எப்படியும் கண்டுபிடிப்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை சிறப்பு வகுப்பு. மணி அடித்துவிட்டது. நான் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

“அக்கா, கால்ல வுழுந்து அழுவுறான். சுபா முழுகாம இருக்குதாம். நீ சொல்லவே இல்லியே. வுட்டுடலாமாக்கா?”

“உன் மூஞ்சிய பாத்துட்டானா?”

“பாத்துட்டான்.”

“அப்புறம் என்னை எதுக்குக் கேக்குற?” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதைச் செய், அதைச் செய் என்று நான் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் சின்னப் பையன் இல்லை, முடிவெடுத்தது அவன். உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் காக்கவைக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.