யார் கணக்கில் இருக்கிறது சான்றிதழ்?

அவையை ஆளும் தலைவர் அவர்களே, ஆபத்துக்கு அஞ்சாத மருத்துவர்களே, அவர்களை அரைச் சாப்பாட்டில் எழுப்பிவிடும் தொலைபேசிப் பணியாளர்களே, பொறுமைக்குப் பெயர்போன தாய்மார்களே, வயதில் என்னை மிஞ்சிய ஓரிருவரே, வணக்கம்!

வீட்டிலிருந்தே ஸ்கேன் படம் பார்க்கும் திட்டத்தை நாளை தொடங்குகிறீர்கள். மகிழ்ச்சி. எனக்கோ கலக்கமாக இருக்கிறது. எழுத்தறியாத கிழவனுக்கு இதில் என்ன கலக்கம் என்கிறீர்களா? நான் கண்டவன் ஐயா! கண்டது எனக்கு மறக்காது.

என் மருமகள் ஸ்கேன் மருத்துவர். வீட்டு மேசைக் கணினியிலிருந்து ஆஸ்பத்திரிக்குள் நுழைய விபிஎன் என்றொரு மறைவழி. அதற்குச் சாவி, கணினிக்குள் ஏற்றும் ஒரு சான்றிதழ். அதே கணினியில் அவளுக்கு ஒரு கணக்கு, என் மகனுக்கு ஒரு கணக்கு. "உனக்கு எதுக்குச் சிரமம், நானே போட்டுடறேன்" என்றான் மகன். போட்டான். சோதித்தானா? இல்லை. அவளாவது சோதித்தாளா? அவளும் இல்லை!

ஒரு மழைநாள் மத்தியானம், சாரத்திலிருந்து ஒரு கொத்தனார் விழுந்தார். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு, படம் பார்க்கச் சொல்லி மருமகளை அழைத்தார்கள். மருமகள் தன் பெயரில் கணினியைத் திறந்து இணைப்பை அழுத்தினாள். சான்றிதழ் இல்லை என்றது. மறுபடி அழுத்தினாள். இல்லை! தெருவிலோ இடுப்பளவு தண்ணீர்.

"மேடம், யார் லாகின்ல போட்டீங்க?" என்று தொலைபேசியில் கேட்டார் ஆஸ்பத்திரிக் கணினிக்காரர்.

கணவனை அழைத்தாள். "ஐயோ, என் லாகின்லதாம்மா போட்டேன்!"

"ஏங்க, என் சாவியை உங்க சட்டைப் பையில போட்டுக்கிட்டு ஆபீஸ் போயிட்டீங்களே!"

என்ன சொல்கிறீர்கள், பின்வரிசைத் தம்பி? அவன் பெயரிலேயே திறந்திருக்கலாமா? திறக்கப் பார்த்தோமப்பா! பதற்றத்தில் அவன் சொன்ன கடவுச்சொல் ஒவ்வொன்றும் தப்பு. கடைசியில் கணினிக்காரர் பழைய சான்றிதழை ரத்துசெய்து புதியதை அனுப்பினார். மருமகள் அதைத் தன் கணக்கில் ஏற்றினாள். இணைந்தது. "மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு, உடனே ஆபரேஷன்!" என்று ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் கத்தினாள்.

கொத்தனார் பிழைத்தார். கரண்டி பிடித்த கை மட்டும் எழவில்லை. அடியாலா? நாங்கள் தொலைத்த நேரத்தாலா? எந்த மருத்துவரும் சொல்லவில்லை. என் மருமகள் கேட்காத நாளும் இல்லை.

அன்பர்களே! அன்பாகவே செய்தாலும் அடுத்தவர் கணக்கில் கிடக்கும் சாவி சாவியா? சோதிக்காத இணைப்பு இணைப்பா? உங்கள் கணக்கில், உங்கள் கையால், நீங்களே போடுங்கள்! போட்டதும் துண்டியுங்கள், மீண்டும் இணையுங்கள், ஒரு படத்தையாவது திறந்து பாருங்கள்!

கைதட்டாதீர்கள். எழுந்து போங்கள், இப்போதே போய்க் கணினியைத் திறங்கள். எதிரே காலி நாற்காலிகளைக் கண்டால்தான் என் கலக்கம் தீரும். அழைத்தவர்களுக்கு நன்றி, முதலில் எழுகிறவருக்கு என் வணக்கம்!