உடனிருப்பவர்

விடிகாலை நாலே முக்கால் மணி. கார் நுழைய முடியாத சந்து. அது பெரிய சாலையில் போய்ச் சேரும் இடத்தில் ஓர் ஆள் நட்டநடுவில் நிற்கிறார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. அசையவில்லை. எதிரே நிற்கும் கார் விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறது. அவருக்கு அது தெரிகிறது. போகத்தான் நினைக்கிறார். பாதம் தரையை விட்டு வரவில்லை...

மெழுகுவத்தி அங்கேயே இருக்கட்டும். கரண்ட் வரும்போது வரட்டும்.

இது என் நண்பனுடைய பெரியப்பாவுக்கு நடந்தது. நண்பன் இப்போது இங்கே இல்லை. இருந்தால் சொல்ல விடமாட்டான். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

பெரியப்பா முப்பத்தைந்து வருடம் வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஸ்கேல் வைக்காமலே நேர்கோடு போடுவார். அதனாலேயே அவருக்கு ஆபீசில் ‘ஸ்கேல்’ என்று பெயர். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன். பிறகு உடம்பு இறுகியது. நடந்துகொண்டே இருக்கும்போது கால் திடீரென்று உறைந்து நின்றுவிடும். மனைவி இருந்தவரை கையைப் பிடித்து, ‘ம், வாங்க’ என்பாள். கால் கிளம்பிவிடும். அவளும் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை கிடையாது.

அப்போதுதான் புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள், தன்னார்வலர்கள் வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். உடனே சேர்ந்துகொண்டார்.

மாதம் ஒரு நாள் போக வேண்டும். முதல்நாள் இரவு எட்டு மணிக்கு மேல் வழக்கமான மாத்திரைகளைத் தொடக்கூடாது. மருந்தின் வேகம் முழுதாக இறங்கியபின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அதிகாலையில் பார்ப்பார்கள். அதனால்தான் அந்த நாலே முக்கால், அந்தச் சந்துமுனை. மருத்துவமனை அனுப்பும் காரின் டிரைவர் இறங்கி வந்து தோளைத் தொட்டால்தான் கால் நகரும்.

அங்கே ஒரு நர்ஸ். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொல்வாள். நடக்கச் சொல்வாள். காகிதத்தில் ஒரு சுருள்கோடு வரையச் சொல்வாள். நேர்கோட்டுக்குப் பேர்போனவர் வரைந்த முதல் சுருள், கிழிந்த ஸ்வெட்டர் நூல் மாதிரி இருந்ததாம். கடைசியில் அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, கையை மெதுவாக மடக்கி நீட்டி, இறுக்கம் எவ்வளவு என்று பார்ப்பாள். இரண்டு நிமிடம். டிரைவர் தோளைத் தொடுவதை விட்டால், மாதம் முழுக்க இன்னொரு மனிதர் அவரைத் தொடுவது அந்த இரண்டு நிமிடம்தான். மருந்து கேட்கிறதோ இல்லையோ, அதை இழக்க அவர் தயாராக இல்லை.

ஆனால் சேரும்போதே ஒரு சிக்கல். ‘உடனிருப்பவர்’ என்று ஒருவர் பெயரைப் படிவத்தில் கொடுக்க வேண்டும். ஆளோடு ஒரே வீட்டில் இருந்து, தூக்கம், கீழே விழுவது, நடத்தை எல்லாம் பார்த்துச் சொல்பவர். அப்படி யாரும் இல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் என் நண்பனைத்தான் கேட்டார்.

“வேலை கழுத்த நெரிக்குது பெரியப்பா. அடுத்த மாசம் பாக்கலாமே.”

பெரியப்பா வற்புறுத்தவில்லை. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். செத்துப்போன மனைவியின் பெயரை எழுதினார். வீட்டு போன் நம்பரைக் கொடுத்தார். அவள் கையெழுத்தையும் அவரே போட்டார்.

நர்ஸ் அதைப் பார்த்துச் சிரித்தாள். “என்ன சார், உங்க நடுக்கம் அம்மாவுக்கும் ஒட்டிக்கிச்சா?”

“நாப்பது வருஷமா ஒரே வீடு. ஒட்டாதா?”

உடனிருப்பவரிடம் எப்போது கேட்பார்கள் தெரியுமா? இவர் அங்கே பரிசோதனையில் இருக்கும்போது. பக்கத்தில் நின்று இவர் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாதே. இவரை நடக்கச் சொல்லும் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, நர்ஸ் வேறு அறையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்வாள்.

வீடோ வெளியே பூட்டிக் கிடக்கும். சாவி இவர் சட்டைப்பையில்.

முதல் மாதம் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். யாரும் எடுக்கவில்லை என்று வந்து சொல்வாள், விரட்டிவிடுவார்கள்... நர்ஸ் வந்தாள். “எல்லாம் சரி சார்” என்றாள். இரண்டாம் மாதமும் சரி. மூன்றாம் மாதமும் சரி. பாவம், மணி அடித்துப் பார்த்துவிட்டு நம்மேல் இரக்கப்பட்டு அவளே நிரப்பிவிடுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டார். மனதுக்குள் அவளுக்கு நன்றி சொன்னார்.

ஆறாவது மாதம். மணிக்கட்டைப் பிடித்தபடியே கேட்டாள்.

“போன செவ்வாய்க்கிழமை பாத்ரூம்ல விழுந்தீங்களாமே? ஏன் சார் மறைக்கறீங்க?”

அவர் விழுந்தது உண்மை. ஒருவரிடமும் சொல்லவில்லை.

“யார் சொன்னா?”

“அம்மாதான். குழாயப் பிடிச்சு எழுந்தீங்களாம். மூணு தடவ கை வழுக்கிச்சாம்.”

மூன்று தடவைதான். எண்ணியிருந்தார்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் மறுநாளே வெளியே. “வேற என்ன சொன்னா?” என்றார்.

“அதெல்லாம் சொல்லக்கூடாது சார்.” ஆனால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இல்லாத ஆளுங்க யாராவது இருக்கற மாதிரி இவருக்குத் தெரியுதான்னு ஒரு கேள்வி. ஆறு மாசமும் அம்மா ஒரே பதில். ‘இல்லம்மா. பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன். ஒரு நாளாவது திரும்பிப் பாக்கணுமே.’ எங்க வீட்டுக்காரரும் இதே கேஸ்தான் சார்.”

அன்று மாலை பெரியப்பா தன் நாற்காலியில் உட்கார்ந்தார். இடப்பக்கம் மனைவியின் பிரம்பு நாற்காலி. மூன்று வருடமாக அந்தப் பக்கம் அவர் பார்ப்பதில்லை. காலியாக இருப்பதைப் பார்க்க முடியாமல்தான். இருட்டியது. விளக்குப் போட எழவில்லை. பிரிட்ஜ் உறுமிக்கொண்டே இருந்தது... சட்டென்று நின்றது. அந்த நிசப்தத்தில், பக்கத்தில், பிரம்பு நெரியும் சத்தம். ஒரே ஒரு முறை. உட்கார்ந்திருப்பவர் எடையைக் கொஞ்சம் மாற்றினால் கேட்குமே, அது.

அவருக்குக் கழுத்து தனியாகத் திரும்பாது. உடம்பையே திருப்ப வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்.

என்ன பார்த்தார் என்று என் நண்பனிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. “கால் தெரிஞ்சுது. அதுக்கு மேல பாக்கல.” அவ்வளவுதான்.

இருங்கள், பேய்க்குக் கால் கிடையாதே என்று கேட்கப்போகிறீர்கள். நானும் கேட்டேன். நண்பன் சிரிக்கவில்லை.

ஏழாவது மாதம். சுருள்கோடு அன்று அழகாக வந்தது. காம்பஸில் போட்ட மாதிரி. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். மணிக்கட்டைப் பிடித்தவள் வழக்கத்தைவிட அதிக நேரம் விடவில்லை.

“சார், மன்னிச்சுக்கங்க. இதோட உங்கள நிறுத்தச் சொல்லிட்டாங்க. இல்லாத ஆளு கண்ணுக்குத் தெரிஞ்சா மருந்தக் கொடுக்கக்கூடாது. அதான் விதி. அந்தக் கேள்விக்கு இந்தத் தடவ அம்மா ஆமான்னுட்டாங்க.”

கை அவளிடமே இருந்தது. நடுக்கம் இல்லை.

“என்ன சொன்னா? அப்படியே சொல்லுங்க.”

நர்ஸ் தாளைப் புரட்டிப் படித்தாள்.

“‘இப்பல்லாம் பாக்குறாரும்மா. முகத்தத்தான் பாக்க மாட்டேங்கறார். இன்னிக்கு வரட்டும்.’” அவள் நிமிர்ந்தாள். “என்ன சார், வீட்ல ஏதாவது சண்டையா?”

அவரை வீட்டில் கொண்டுபோய் விட, கார் வெளியே தயாராக நின்றிருந்தது.